அட்லஸ்: ஒலி ஒன்று, சொல் இரண்டு

பள்ளிக்கூடப் பிள்ளையிடம் "அட்லஸ் என்றால் என்ன?" என்று கேட்டால், "மேப் புஸ்தகம்" என்று பட்டென்று பதில் வரும். டாக்டருக்குப் படிப்பவர் கழுத்தெலும்பு என்பார். அறுபது வயதைத் தாண்டிய நம்மவர்களுக்குச் சைக்கிள் ஞாபகம் வரும். உருது அகராதியைப் புரட்டினால் வழவழப்பான பட்டுத்துணி என்று போட்டிருக்கும். ஒரு சொல்லுக்கு இத்தனை பொருளா என்று வியக்கும் முன், இது ஒரே சொல்தானா என்று கேட்க வேண்டும். ஜவுளி வியாபாரத்தில் பழகியவன் என்பதால் எனக்கு அந்தத் துணிதான் முதலில் கண்ணில் பட்டது.

வானம் சுமந்தவன்

கிரேக்கப் புராணத்தில் அட்லஸ் ஓர் ஆதி தேவன். தேவர்களோடு நடந்த போரில் தோற்றதால், வானத்தைத் தோளில் சுமக்கும் தண்டனை பெற்றான். அவன் பூமியைச் சுமப்பதாகப் பலரும் சொல்வது சரியல்ல. இத்தாலியில் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்திலுள்ள புகழ்பெற்ற பழஞ்சிலையில், அவன் தோளில் இருக்கும் உருண்டையில் நட்சத்திர மண்டலங்களே செதுக்கப்பட்டுள்ளன.

மொராக்கோ பக்கத்து மலைத்தொடருக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் அவன் பெயர்தான். மண்டையோட்டைத் தாங்குவதால் முதல் கழுத்தெலும்பும் அட்லஸ் ஆயிற்று. 'ஆமாம்' என்று நாம் தலையசைப்பது பெரும்பாலும் மண்டைக்கும் அந்த எலும்புக்கும் இடையிலுள்ள மூட்டில்தான். 1951-இல் சோனிபட்டில் தொடங்கிய சைக்கிள் கம்பெனியும் இந்தப் பெயரையே வைத்துக்கொண்டது. அதன் சாஹிபாபாத் ஆலை 2020 ஜூன் 3-ஆம் தேதி, உலக சைக்கிள் தினத்தன்று, வேலையை நிறுத்தியது.

புத்தகத்துக்குப் பெயர் வந்த விதம்

ஒரே அளவில் அச்சிட்ட வரைபடங்களை நூலாகக் கட்டியவர்களில் முதன்மையானவர் ஒர்டீலியஸ். 1570-இல் வந்த அவர் நூலுக்கு 'உலக அரங்கம்' என்ற பொருளில்தான் பெயர் இருந்தது. மெர்க்கேட்டர் என்ற வரைபட வல்லுநர் தம் நூலுக்கு 'அட்லஸ்' என்று பெயர் சூட்டினார். அவர் 1594-இல் காலமாக, மறுவருஷம் அது வெளிவந்தது. அவர் மனத்தில் இருந்தவன் தண்டனை பெற்ற தேவன் அல்லன். மௌரித்தானியா நாட்டின் அரசனாகவும் வானநூல் கற்ற ஞானியாகவும் சொல்லப்பட்ட வேறோர் அட்லஸ். சுமை தூக்கியவன் பெயராக நாம் நினைப்பது, அவரைப் பொறுத்தவரை அறிவாளி ஒருவனின் பெயர்.

நம் ஐதராபாத்துக்கும் இந்தப் புத்தகத்தோடு உறவு உண்டு. 1802-இல் சென்னையில் நில அளவைப் பணியைத் தொடங்கிய லாம்ப்டன், பிற்காலத்தில் ஐதராபாத்தையே தம் இருப்பிடமாகக் கொண்டிருந்தார். 1818-இல் எவரெஸ்ட் அவருக்கு உதவியாளராக நியமிக்கப்பட்டு இங்கே வந்து சேர்ந்தார். பின்னாளில் மலைச் சிகரத்துக்குப் பெயரானவர் இவர்தான். கன்னியாகுமரி முதல் கிருஷ்ணா நதி வரையிலான தென்னிந்திய அட்லஸ் 1822-இல் லண்டனில் வெளியாயிற்று. அங்குலத்துக்கு நான்கு மைல் அளவு, பதினெட்டுத் தாள்கள். நம் நகரிலுள்ள தேசியத் தொலையுணர்வு நிறுவனத்தின் பங்களிப்போடு 2000-இல் இந்தியத் தரிசு நிலங்களின் அட்லஸ் வந்தது. சங்கிலி பிடித்து அளந்த காலம் போய், செயற்கைக்கோள் அளக்கும் காலம் வந்தும் பெயர் மாறவில்லை.

வழவழப்பான அட்லஸ்

இனி அந்தத் துணி. உருதுவும் பாரசீகமும் அரபியிலிருந்து வாங்கிய 'அத்லஸ்' என்ற சொல்லுக்கு, வழவழப்பானது, ரோமமற்றது என்று பொருள். சாட்டின் நெசவில் நூல்கள் அடிக்கடி குறுக்கே பின்னாமல் நெடுக மிதந்து வருவதால் துணி வழுக்கும், ஒளியைத் திருப்பி அடிக்கும். ஆகவே அதற்கு அத்லஸ் என்று பெயர். இதே காரணத்தால், நட்சத்திரப் புள்ளி ஒன்றுமில்லாத ஒன்பதாம் வானத்தைப் பாரசீகப் புலவர்கள் 'ஃபலக்-எ-அத்லஸ்' என்றார்கள். கிரேக்கன் சுமப்பதும் வானம், இங்கே பேசுவதும் வானம். இரண்டும் ஒன்றுதான் போலிருக்கிறதே என்று கை அரிக்கும். அவசரப்படக் கூடாது.

நம் இலக்கணத்தில் 'மரம்' என்பதோடு வேற்றுமை உருபு சேர்ந்தால் 'மரத்தை' ஆகிறது. உள்ளே இருக்கும் வடிவம் அப்போது தெரிகிறது. கிரேக்க அட்லஸ் அப்படி உருபேற்றால் 'அட்லண்ட்-' என்று வரும். அட்லாண்டிக் வந்தது அதனால்தான். அரபியிலோ த-ல-ஸ என்ற மூன்று மெய்கள்தான் வேர், கடைசி ஸகரமும் வேரைச் சேர்ந்தது. கிரேக்கத்திலோ அந்த ஸகரம் வெறும் விகுதி. ஆகவே இவை இரண்டு தனிச் சொற்கள். ஜெர்மன் மொழியில் இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டலில் வழங்குகின்றன; அகராதிக்காரர்கள் தனித்தனிப் பதிவாகவே கொடுக்கிறார்கள்.

கீழேழு உலகங்களில் ஒன்றான 'அதலம்'தான் அட்லஸ் ஆயிற்று என்று நம்மவர்கள் சிலர் மேடையில் சொல்கிறார்கள். 'அதலம்' என்பதில் தலம் வேறு, அகரம் வேறு. அட்லண்ட்-டோடு அது ஒட்டாது. ஒரு நூலின் நிறத்தை மட்டும் பார்த்துப் பட்டு என்று விலை சொன்னால் எவனாவது வாங்குவானா? பற்றவைத்து முகர்ந்து பார்ப்பான். சொல்லுக்கும் அந்தச் சோதனை வேண்டாமா?

நம்மிடம் இருந்தது என்ன?

பெருமைக்குப் பொய் தேவையில்லை. மெய்யே நிறைய இருக்கிறது. சக ஆண்டு 380, அதாவது கி.பி. 458-இல், காஞ்சிப் பல்லவன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டில், பாடலிகிராமத்தில் சர்வநந்தி முனிவர் 'லோகவிபாகம்' எழுதியதாக, அதை வடமொழியில் தந்த சிம்மசூரி குறிக்கிறார். அவ்வூர் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர் என்பர் அறிஞர். உலகத்தைப் பகுத்து அளந்து சொல்லும் சமண நூல் அது. நடுவே ஜம்பூத்வீபம், விட்டம் ஒரு லட்சம் யோசனை. சுற்றி உப்புக்கடல் இரண்டு லட்சம், தாதகீ கண்டம் நான்கு, காளோததி எட்டு, புஷ்கரத்தில் பாதி எட்டு. இருபுறமும் கூட்டினால் மனிதர் வாழும் இரண்டரைத் தீவின் விட்டம் 45 லட்சம் யோசனை. குஜராத், ராஜஸ்தான் பக்கம் இதைத் துணியில் ஓவியமாகத் தீட்டினார்கள். ஆனால் இது ஆன்மா பிறந்து சுழலும் உலகைக் காட்டும் படம். ஊருக்கு வழி காட்டும் படமன்று. 'அட்லஸ் அன்றே போட்டோம்' என்று சொன்னால், அந்த முனிவர் சொல்ல வந்ததையே மறைத்தவர்கள் ஆவோம்.

துணி என்றதும் உண்மையான ஓர் ஒற்றுமை நினைவுக்கு வருகிறது. ஆங்கில 'மேப்' லத்தீன் 'மப்பா'விலிருந்து வந்தது. அதற்குப் பொருள் துணி. வடமொழிப் 'படம்' என்பதும் துணியே. பேகன் மயிலுக்குப் போர்த்தியதைப் புறநானூறு 'படாம்' என்கிறது. தெலுங்கில் 'படமு' என்பது வரைபடத்தையும் குறிக்கும். இந்த உறவு ஒலியால் வந்ததன்று. இரு தேசத்தாரும் துணியில் எழுதியதால் வந்தது.

தமிழில் எப்படிச் சொல்வது?

பூகோள நூலுக்கு 'நிலப்படத் தொகுப்பு' நன்றாகவே பொருந்துகிறது. உடற்கூறு மாணவர்களின் படநூலும் அட்லஸ்தான். அங்கே நிலம் ஏது? 'படத்தொகுப்பு' போதும். எலும்புக்கு 'முதல் கழுத்தெலும்பு', துணிக்கு 'சாட்டின் பட்டு'. பேச்சில் அட்லஸ் என்றே சொன்னாலும் குற்றமில்லை. பல மொழிகள் காதில் விழும் இந்த ஊரில் வளரும் நம் பிள்ளைகள், ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களை நாள்தோறும் கேட்கிறார்கள். ஒட்டிப் பார்க்கும் முன் பிரித்துப் பார்க்க அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். தமிழுக்கு அதுவே மரியாதை.