உம்மாவிடம் கேட்டீர்களா?

இறுப்பிட்டியிலிருந்து வந்த சகோதரி ஒருவர் பேசத் தொடங்கும்போதே கண் கலங்கிவிட்டார்.

"ஹஸ்ரத், உம்மாக்கு எழுபத்திரண்டு வயசு. மார்பில கட்டி. ஒபரேஷன் முடிஞ்சுது. இனி கீமோ ஏத்தவேணும் எண்டு டொக்டர் சொல்றார். இந்த வயசில ஏன் வதைக்கிறது எண்டு நானா நிக்கிறார். மார்க்கம் என்ன சொல்லுது?"

"உம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"உம்மாக்கு என்ன வருத்தம் எண்டே இன்னும் சொல்லல்ல."

நம் வீடுகள் பலவற்றில் இதுதான் நிலை. பிள்ளைகள் கூடிப் பேசுவார்கள். நோயாளியிடம் மட்டும் யாரும் பேசமாட்டார்கள்.

மருத்துவம் செய்யுங்கள், அல்லாஹ் எந்த நோயையும் மருந்தில்லாமல் இறக்கவில்லை, முதுமை ஒன்றைத் தவிர என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. இந்த ஹதீஸைக் காட்டியே, கிழவிக்கு எதற்கு மருந்து என்று சொல்வோரும் உண்டு. முதுமையை மாற்ற முடியாது என்பது வேறு. முதியவருக்கு வந்த நோயைப் பார்க்காமல் விடுவது வேறு.

மருத்துவமும் வயதை மட்டும் வைத்து முடிவு சொல்வதில்லை. அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 633 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் செய்யப்பட்ட ஆய்வொன்று 2009இல் வெளியானது. வழக்கமான கீமோ பெற்றவர்களைவிட, இலகுவாக இருக்கும் என்று கெபசிட்டபீன் மாத்திரை மட்டும் கொடுக்கப்பட்டவர்களுக்கே நோய் திரும்பியது அதிகம். ஹோர்மோனால் தூண்டப்படாத கட்டி உள்ளவர்களிடம் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது.

வயதான பெண்களுக்கு வருவதில் பெரும்பாலானவை ஹோர்மோனால் வளரும் கட்டிகள். அவற்றுக்கு டமொக்சிஃபென், லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் உண்டு. அவற்றோடு கீமோவும் சேர்ந்தால் கிடைக்கும் மேலதிகப் பயன் சிலருக்கு மிகச் சிறியது. ஆகவே டொக்டரிடம் முதலில் கேட்கவேண்டியது, பயொப்சி அறிக்கையில் கட்டி எந்த வகை என்பதைத்தான். கீமோ ஏற்றினால் நூறு பேரில் எத்தனை பேருக்குக் கூடுதல் நன்மை என்றும் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. இருதயம், சிறுநீரகம், சீனி வருத்தம், உம்மா தானே எழுந்து நடமாடுகிறாரா என்பவற்றையும் சொல்லவேண்டும். கீமோ மருந்துகளில் சில இருதயத்தைப் பலவீனப்படுத்தக் கூடியவை.

முன்பு யாழ்ப்பாணத்திலிருந்து மஹரகமவரை போகவேண்டியிருந்தவர்கள் பலர். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடைபயணம் சென்று திரட்டிய நிதியில் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு இல்லை. தூரம்தான் பிரச்சினை. கீமோ ஏற்றிய ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளணுக்கள் குறையும். அப்போது காய்ச்சல் வந்தால் பனடோல் கொடுத்துவிட்டு விடியும்வரை பார்த்திருக்கக் கூடாது, அது உயிருக்கே ஆபத்து. இறுப்பிட்டிக்காரருக்குப் பாலமும் பாதையும் உண்டு. நயினாதீவிலும் நெடுந்தீவிலும் இருப்பவர்களுக்கு நடுவில் கடல். அந்த நாட்களில் நகரத்து உறவினர் வீட்டில் தங்குவது நல்லது.

ஆண் டொக்டர் பார்ப்பாரே என்று உம்மாமார் கூசுவதுண்டு. பெண் டொக்டர் கிடைக்காதபோது, தேவையான அளவுக்கு மார்க்கம் அனுமதிக்கிறது.

இனி அந்தச் சகோதரியின் கேள்வி. ஷாபிஈ மத்ஹபில் மருத்துவம் செய்துகொள்வது சுன்னத்து. உயிர் தப்புவது உறுதியான இடத்தில் வாஜிப் என்றோரும் உண்டு. ஆனால் நாம் அதிகம் பேசாத ஹதீஸ் ஒன்று புகாரியில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் நோயுற்றிருந்தபோது, வேண்டாம் என்று சைகை காட்டியும் வீட்டார் அவர்களின் வாயில் மருந்தை ஊற்றினார்கள். நோயாளிக்கு மருந்து பிடிக்காதது வழமைதானே என்று நினைத்துவிட்டதாக ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். தெளிந்ததும் நபியவர்கள் அதைக் கண்டித்தார்கள். அப்போது அங்கே இல்லாத அப்பாஸ் (ரலி) தவிர, வீட்டிலிருந்த எல்லோர் வாயிலும் அதே மருந்தை ஊற்றச் சொன்னார்கள். அன்பினால் செய்ததுதான். ஆனாலும் நோயாளி வேண்டாம் என்றிருந்தார்களே!

வலிப்பு நோயோடு வந்த பெண்ணுக்கு, பொறுத்தால் சுவர்க்கம், விரும்பினால் சுகத்துக்கு துஆ என்று தெரிவைக் கொடுத்தவர்களும் அவர்களே.

"போய் உம்மாவிடம் சொல்லுங்க. நானாவும் பக்கத்தில இருக்கட்டும்" என்றேன்.

அடுத்த மாதம் அந்தச் சகோதரி மறுபடி வந்தார். உம்மாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததாம். "ஆஸ்பத்திரி வாசல்ல போர்ட் போட்டிருக்கே மகள், எனக்கு வாசிக்கத் தெரியாதா?" என்று கேட்டாராம். கட்டி ஹோர்மோன் வகை இல்லை, அதனால் அந்த மாத்திரைகள் பயன்படாது. "ஒரு தடவை ஏத்திப் பாப்பம். தாங்காட்டி நானே நிப்பாட்டச் சொல்லுவன்" என்று உம்மாவே டொக்டரிடம் சொல்லியிருக்கிறார். டொக்டரும் ஒத்துக்கொண்டார்.