கண்மாய்க் கரையில் ஓடுவது: நரிக்குடிப் பக்கத்துப் பாதைகள்

ட்ரெயில் ரன்னிங் என்றதும் பலருக்கும் மலைதான் ஞாபகம் வரும். கொடைக்கானல், ஏற்காடு, சிக்மகளூர் காபித் தோட்டம். நரிக்குடியில் ஏறி இறங்க மலை கிடையாது. ஆனா கார், லாரி வராத மண்பாதைக்குப் பஞ்சமில்லை. அது கண்மாய்க் கரை.

இந்தப் பாதைகளைப் புரிஞ்சுக்க நிலத்தோட சாய்வு தெரியணும். மேற்கே மேடு, கிழக்கும் தென்கிழக்கும் கடலைப் பார்த்துச் சரிவு. நம்ம கண்ணுக்கு அது தட்டாது, தண்ணிக்குத் தெரியும். அதனாலதான் கரை பள்ளத்துப் பக்கம் பிறை மாதிரி வளைஞ்சு நிற்குது. மேலக் கண்மாய் நிறைஞ்சா கலுங்கு வழியாத் தண்ணி அடுத்த கண்மாய்க்குப் போகும். கிருதுமால் நதியையும் குண்டாற்றையும் நம்பி இருக்கிற கண்மாய்கள் இப்படித்தான் சங்கிலியாக் கோர்த்திருக்கு. கரைமேல் ஓடி, கலுங்கில் இறங்கி, ஓடையை ஒட்டிப் போனா அடுத்த கரை வந்துரும். மேப் இல்லாமலே வழி கிடைக்கும்.

ஓட நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. அக்டோபர்–டிசம்பர் மழையில் கரிசல் மண் ஷூவில் அப்பி, கால் கனத்துப்போகும். கலுங்கு பாயும்போது அதைத் தாண்டப் பார்க்கக் கூடாது. வந்த வழியே திரும்பிடணும். கோடையில் வறண்ட உள்வாய் மைதானம் மாதிரி தெரியும். அங்கே வெடிப்பில் கால் மாட்டினா கணுக்கால் பிசகும். வெயில் ஏறுமுன் முடிச்சுடணும். தண்ணியைக் கையோட கொண்டுபோகணும்.

பெரிய தொல்லை சீமைக்கருவேல முள். மெல்லிய சோலைத் துளைச்சு ஏறிடும். கரை முழுக்க அது மூடிக்கிட்டா ஓடுறவனுக்கு மட்டும் நஷ்டம் இல்லை. கரையில் விரிசல் இருக்கா, மடை ஒழுகுதான்னு நடந்து பார்க்கிற விவசாயிக்கும் வழி அடைபடுது.

இந்த ஓட்டம் இங்கே பொழுதுபோக்கு மட்டுமில்லை. காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்கணும். கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி. பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. வானம் பார்த்த பூமியில் அது ஒரு குடும்பத்தோட மாதச் சம்பளம். இருட்டோட எந்திரிச்சுத் தார்ரோட்டில் ஓடினா வண்டி பயம். மண்கரை பாதுகாப்பு, முழங்காலுக்கும் இதம். தூரத்தை மட்டும் முன்கூட்டியே அளந்து, இரண்டு முனையிலும் கல் நட்டு வச்சுக்கணும்.

வரலாறும் வழியிலேயே இருக்கு. மருது சகோதரர்கள் பிறந்த முக்குளம் இந்தப் பக்கம்தான். ரமணர் 1879-இல் பிறந்த திருச்சுழியும் பக்கத்திலேயே. நீண்ட ஓட்டத்துக்கு இந்த ஊர்களைக் குறியா வச்சுக்கலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள்: கரையின் சரிவில் குறுக்கே இறங்காதீங்க, மண் சரியும். ஆடுமாடு எதிரே வந்தா ஒதுங்கி நடங்க. கரை முதலில் தண்ணிக்கு, அப்புறம்தான் நமக்கு.