பழைய கேரவனின் நீரேற்றி: பழுதறிதல்

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லப்படும் கேரவன் வண்டிகளில், குறிப்பாகப் பிரித்தானியாவின் பழைய வண்டிகளில், குழாய்க்கு நீர் தருவது 12 வோல்ட் மின்கலத்தில் இயங்கும் சிறிய நீரேற்றி ஆகும். பல வண்டிகளில் இது வெளியே வைக்கப்படும் நீர்க்கலனுக்குள் மூழ்கியிருக்கும். குழாயைத் திறந்ததும் அதிலுள்ள மைக்ரோ சுவிட்ச் அல்லது நீர்வழியிலுள்ள அழுத்த சுவிட்ச் இதனை இயக்கும்.

ஓசையே இல்லாவிட்டால்: முதலில் மின்கலம், பியூஸ், செருகி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அவை சரியெனில், நீரேற்றியை ஒரு வாளி நீரில் அமிழ்த்தி, நேர், எதிர் முனைகள் மாறாமல் மின்கலத்துடன் சிறிது நேரம் நேரடியாக இணைக்கலாம். அப்போது ஓடினால், பழுது சுவிட்சில் அல்லது கம்பியில் உள்ளது. ஒரு குழாய் மட்டும் இயங்காவிட்டால் அதன் மைக்ரோ சுவிட்சைச் சந்தேகிக்கலாம்.

ஓடியும் நீர் வராவிட்டால்: உள்ளே காற்று அடைபட்டிருக்கலாம். நீருக்குள்ளேயே குலுக்கினால் குமிழிகள் வெளியேறும்.

குழாய்களை மூடிய பின்னும் விட்டுவிட்டு ஓடினால்: அழுத்த சுவிட்ச் உள்ள வண்டியில் நீர்க்கசிவைத் தேட வேண்டும்.

நீரின்றி ஓடவிட்டால் நீரேற்றி கெடும். குளிர்காலத்தில் தேங்கிய நீர் உறைந்து விரிவதால் நீரேற்றியும் குழாய்களும் வெடிக்கக்கூடும். எனவே உறைபனிக்கு முன்பே நீரை முழுதும் வடித்துவிட வேண்டும்.