பழைய காரின் சுக்கான் தளர்ச்சி

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. தேர்த்திருவிழாவில் வடம்பிடிப்போர் நூற்றுக்கணக்கானோர். எனினும், தேர் செல்லும் திசையை நிர்ணயிப்பவர்கள், சில்லின் கீழ் கட்டை வைக்கும் ஒரு சிலரே. மோட்டார் வண்டியின் நிலையும் இதுவே. ஓடும் வலிமையை இயந்திரம் தருகிறது. ஓடும் திசையையோ, சாரதியின் கைக்கும் முன்சில்லுக்கும் இடையிலுள்ள கோல்களும் மூட்டுகளும் தருகின்றன. இயந்திரம் பழுதுற்றால் வண்டி நின்றுவிடும். நின்ற வண்டியால் எவர்க்கும் தீங்கில்லை. சுக்கான் உறுப்புகள் பழுதுற்றாலோ வண்டி நிற்பதில்லை, ஓடிக்கொண்டே வழிதவறும்.

இலங்கையின் வீதிகளில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் முதலிய பழைய கார்களை இன்றும் காணலாம். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்தமைத்த மொறிஸ் மைனர் 1948 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1971 இல் இங்கிலாந்தில் அதன் உற்பத்தி நின்றது. ஆகவே, அவற்றுள் மிக இளையதும் அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. 1990களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிருந்தபோது, இத்தகைய கார்களே மண்ணெண்ணெயில் ஓடி மக்களைச் சுமந்தன. இத்துணைக் காலம் உழைத்த வண்டியின் மூட்டுகள் தேய்வது இயல்பு. தேய்ந்திருப்பதை அறியாமல் ஓட்டுவதே பிழை.

தளர்ச்சியின் அறிகுறிகள் சில. நேரான வீதியிலும் சுக்கான் சில்லை இடையறாது திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருத்தல், குழியில் விழும்போது முன்புறத்தில் 'டக்' என்ற ஒலி கேட்டல், ஒரு குறித்த வேகத்தில் சுக்கான் சில்லு நடுங்குதல், ரயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்தல் என்பன அவை. ஆயினும், தலைவலி கண்டவுடன் மூளையில் நோய் என்று துணிவது எவ்வாறு தவறோ, அவ்வாறே நடுக்கம் கண்டவுடன் சுக்கான் பழுது என்று துணிவதும் தவறு. முதலில் நான்கு ரயர்களிலும் காற்றைச் சரிபார்த்தல் வேண்டும். சில்லின் நட்டுகள் இறுகியுள்ளனவா, ரயர் எங்கேனும் புடைத்துள்ளதா என நோக்குதல் வேண்டும். குறித்த வேகத்தில் மட்டும் தோன்றி மறையும் நடுக்கத்துக்குச் சில்லின் சமநிலைக் குறைவு காரணமாதல் மிகுதி.

இவற்றில் குறையில்லையெனின், அடுத்தது அளவிடுதல். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்சில்லுகளை நேராக வைத்து, சுக்கான் சில்லின் விளிம்பில் ஒரு நூலைக் கட்டுக. பின்னர் அதை ஒருபக்கம் மெல்லத் திருப்பி, வெளியேயுள்ள சில்லு அசையத் தொடங்கும் கணத்தில் நிறுத்துக. மறுபக்கமும் அவ்வாறே செய்க. இவ்விரு எல்லைகளுக்கிடையே நூல் கடந்த தூரமே வெறும் ஆட்டம். மொறிஸ் மைனரில் இருப்பது பற்கோலும் பற்சில்லும் நேரே பொருந்தும் அமைப்பு. அதில் அரை அங்குலத்துக்கு மேற்பட்ட ஆட்டம் ஐயத்துக்குரியது. ஒஸ்ரின் கார்களில் சுக்கான் பெட்டியும் பல கோல்களும் இருப்பதால் ஆட்டம் சற்று மிகுந்திருக்கும். எனினும், மூன்று அங்குலத்தை எட்டினால் அவற்றையும் வீதியில் விடலாகாது.

ஆட்டம் உண்டு என அறிந்தபின், அது எந்த மூட்டில் உண்டு என அறிதல் வேண்டும். இதற்கு இருவர் தேவை. சில்லுகள் நிலத்தில் ஊன்றியிருக்க, ஒருவர் உள்ளேயிருந்து சுக்கான் சில்லை இடமும் வலமும் சிறிதளவு அசைத்துக்கொண்டிருக்க, மற்றவர் மேலிருந்து கீழாக ஒவ்வொரு மூட்டிலும் கைவைத்துப் பார்த்துவருக. ஒரு மூட்டின் ஒருபக்கம் அசைந்து மறுபக்கம் அசையாது நின்றால், அல்லது காலந்தாழ்த்தி அசைந்தால், குறை அங்கே உள்ளது. கண்ணுக்குப் புலப்படாத அசைவையும் விரல் உணர்ந்துவிடும். மொறிஸ் மைனரில் பற்கோற் குழாயைத் தட்டியோடு பிணைக்கும் பட்டிகள் தளர்ந்து, குழாய் முழுவதுமே அசைவதுண்டு. ஒஸ்ரின் காரில் சுக்கான் பெட்டியைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருப்பதுண்டு. இத்தகைய குறை போல்ட்டுகளை இறுக்குவதனாலேயே தீர்ந்துவிடலாம். ஆதலால், விலைகொடுத்து உறுப்பு வாங்குமுன் போல்ட்டுகளை நோக்குவது அறிவுடைமை.

மூன்றாவது சோதனைக்கு முன்சில்லை நிலத்திலிருந்து உயர்த்த வேண்டும். பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஜக்கினால் உயர்த்தியபின், சட்டத்தின் கீழ் உறுதியான இரும்புத் தாங்கியோ கனத்த மரக்குற்றியோ வைத்தல் வேண்டும். செங்கல்லையும் சீமெந்துக் கல்லையும் நம்பலாகாது. அவை எச்சரிக்கையின்றி நொறுங்குபவை. ஜக்கை மட்டும் நம்பி எவரும் வண்டியின் கீழே செல்லலாகாது.

இனி, சில்லின் உச்சியையும் அடியையும் இரு கைகளாற் பிடித்து உள்ளும் புறமுமாக அசைக்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால், வேறொருவரைப் பிறேக்கை மிதிக்கச் செய்து மீண்டும் அசைக்க வேண்டும். ஆட்டம் மறைந்தால் குறை சில்லின் பெயாறிங்கில் உள்ளது; மறையாவிடின் சில்லு திரும்பும் முளையில் உள்ளது. பிறேக் மிதிக்கப்பட்டதும் சில்லும் அதன் தாங்குதட்டும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டு, பெயாறிங்கின் ஆட்டம் அடங்கிவிடுவதே இதன் காரணம். பின்னர் சில்லின் இருபக்கங்களையும் பிடித்து அசைத்தால், கோல்முனைகளிலுள்ள பந்துமூட்டுகளின் தேய்வு வெளிப்படும்.

மொறிஸ் மைனர் வைத்திருப்போர் தனித்துக் கருதவேண்டியது ஒன்றுண்டு. ஒஸ்ரின் கார்களில் உள்ளதுபோன்ற கிங் பின் அதில் இல்லை. மேலும் கீழும் மரையிடப்பட்ட ஒரு முளையே சில்லைத் தாங்குகிறது. அம்மரைகள் ட்றனியன் எனப்படும் உறுப்புகளுள் திருகி நிற்கின்றன. சில்லு திரும்பும் ஒவ்வொரு முறையும் மரை மரையோடு உராய்கிறது. கிறீஸ் இருக்கும்வரை தீங்கில்லை. கிறீஸ் வற்றி, நீரும் மணலும் புகுந்துவிட்டால், மரை சிறிது சிறிதாகக் கரைந்து, ஒருநாள் முற்றாக வழுக்கிவிடும். அப்போது சில்லு வண்டியின் கீழே மடிந்துவிழும். வீட்டு வாசலில் திருப்பும்போது நிகழ்ந்தால் அது பொருள் நட்டம். வேகமாகச் செல்லும்போது நிகழ்ந்தால் உயிர் நட்டம். உயர்த்திய சில்லின் கீழே நெம்புகோலை இட்டு மேல்நோக்கி நெம்பிப் பார்க்க வேண்டும். முளை ட்றனியனுக்குள் மேலும் கீழும் தளர்ந்து அசையுமாயின், மரை தேய்ந்துவிட்டது என்பது தெளிவு.

இத்தேய்வைத் தவிர்க்கும் வழி மிக எளியது. 1000 மைலுக்கு ஒருமுறை, சில்லை உயர்த்திப் பாரம் நீக்கிய நிலையில், பழைய கிறீஸ் வெளியேறிப் புதியது தலைகாட்டும்வரை கிறீஸ் ஏற்றுதல் வேண்டும். கிறீஸ் வெளிவரவில்லையெனின், அது உள்ளே செல்லவில்லை என்பதே பொருள். அப்போது நிப்பிளைக் கழற்றித் துப்புரவு செய்து மீண்டும் முயல வேண்டும்.

பரிகாரம் செய்வதிலும் எச்சரிக்கை வேண்டும். ஆட்டம் எங்கிருந்து வருகிறதென ஆராயாமல் சுக்கான் பெட்டியின் திருகாணியை இறுக்கிவிடுவது பலர் செய்யும் தவறு. நேராக ஓட்டும் வேளையே மிகுதியாதலால், பெட்டியின் நடுப்பகுதியே அதிகம் தேய்கிறது. நடுப்பகுதியின் ஆட்டம் தீருமளவுக்கு இறுக்கினால், தேயாத ஓரங்களில் சுக்கான் சிக்கிக்கொள்ளும். வளைவில் திரும்பிய வண்டி நேராக மறுக்கும். தேய்ந்த பந்துமூட்டைச் சம்மட்டியால் தட்டி இறுக்குவதும், சுக்கான் கோலைப் பற்றவைத்து ஒட்டுவதும் அறவே விலக்கத்தக்கவை. தேய்ந்ததை மாற்றுவதே முறை. கழற்றிய பூட்டுமுளைகளை மீண்டும் இடாது புதியனவே இடல் வேண்டும். உறுப்பு மாற்றியபின் முன்சில்லுகளின் நேர்மையையும் அளந்து திருத்தாவிடின், புதிய ரயரும் சில மாதங்களில் வீணாகும்.

தேய்ந்த பந்துமூட்டோ முளையோ கண்டுபிடிக்கப்பட்டதும், 'கராஜ் வரைதானே, மெதுவாகக் கொண்டுபோகலாம்' என்று கூறுவோர் உளர். தேய்ந்த மரை தூரத்தை அறியாது. அது கராஜுக்குப் போகும் வழியிலும் வழுக்கக் கூடும். அந்நிலையில் மெக்கானிக்கை வண்டியிடம் அழைப்பதே தக்கது. வண்டியை மெக்கானிக்கிடம் ஓட்டிச்செல்லலாகாது.