ஓடையில் கலக்கும் கழிப்பறைக் கழிவு: கேரள எல்லைப் பகுதிகளில் அண்டை வீட்டாரே தீர்வு காண முடியுமா?

பாலக்காடு: கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களும் தமிழக எல்லையையொட்டி அமைந்தவை. அட்டப்பாடி வழியாகப் பாயும் பவானி ஆறு தமிழகத்துக்குள் நுழைந்து, கோவைக்குக் குடிநீர் வழங்கும் பில்லூர் அணையைச் சென்றடைகிறது. மூணாறில் முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகள் சங்கமிக்கின்றன. எனவே, இப்பகுதிகளின் சிற்றோடைகளில் கலக்கும் கழிவு, எல்லைக்கு இருபுறமும் வாழும் மக்களின் பிரச்சினையாகிறது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018ஆம் ஆண்டு நாடு முழுவதும் 351 மாசடைந்த ஆற்றுப் பகுதிகளை அடையாளம் கண்டது. அவற்றில் 21 பகுதிகள் கேரளத்தைச் சேர்ந்தவை. பாரதப்புழை, பெரியாறு, பவானி ஆகியவையும் அப்பட்டியலில் இடம்பெற்றன. இதைத் தாமாக முன்வந்து விசாரித்த தேசிய பசுமைத் தீர்ப்பாயம், மாநிலங்கள் ஆற்றுச் சீரமைப்புக் குழுக்களை அமைத்துச் செயல்திட்டம் வகுக்க உத்தரவிட்டது.

தொட்டி எவ்வாறு பழுதாகிறது?

கேரளத்தில் பாதாளச் சாக்கடை வசதி திருவனந்தபுரம், கொச்சி உள்ளிட்ட சில நகரங்களின் சில பகுதிகளில் மட்டுமே உள்ளது. பெரும்பாலான வீடுகள் செப்டிக் டேங்கையோ குழிகளையோ நம்பியுள்ளன.

முறையாகக் கட்டப்பட்ட தொட்டியில் திடக்கழிவு அடியில் படிகிறது. காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிரிகள் அதைச் சிதைக்கின்றன. மேலே தெளிந்த நீர் உறிஞ்சுகுழிக்குச் சென்று மண்ணால் வடிகட்டப்படுகிறது. எனினும், தொட்டியிலிருந்து வெளியேறும் நீர் தூய நீரன்று. நோய்க்கிருமிகளை நீக்கும் பணியின் பெரும்பகுதியை மண்ணே செய்கிறது.

இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடு அகற்றப்படாவிட்டால், படிய வேண்டிய திடக்கழிவும் நீருடன் வெளியேறி உறிஞ்சுகுழியை அடைத்துவிடும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர்மட்டம் உயரும்போது குழியில் நீர் இறங்காது. மலைச்சரிவுகளில் பாறையின் மீது மெல்லிய மண் அடுக்கே உள்ள இடங்களில், கழிவுநீர் சரிவின் கீழ்ப்பகுதியில் கசிந்து ஓடையில் கலக்கும். கோடையில் நீரோட்டம் குறைவதால் கலந்த கழிவு நீர்த்துப்போக வழியில்லை.

குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 7.5 மீட்டர் தொலைவில்தான் உறிஞ்சுகுழி அமைய வேண்டும் என்பது கேரளக் கட்டட விதி. மூன்று, நான்கு சென்ட் மனைகளில் ஒருவர் தமது கிணற்றிலிருந்து விலக்கி அமைக்கும் குழி, அடுத்த வீட்டாரின் கிணற்றுக்கு அருகில் வந்துவிடுவதுண்டு.

எதிரி யார் என்ற சிக்கல்

நீருக்கான மக்கள் போராட்டம் பாலக்காட்டுக்குப் புதிதன்று. பிளாச்சிமடையில் கோக்கோ கோலா ஆலைக்கு எதிராக 2002 ஏப்ரலில் தொடங்கிய போராட்டத்தில் மயிலம்மா உள்ளிட்ட பழங்குடிப் பெண்கள் முன்னணியில் நின்றனர். பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச் மாதம் ஆலை உற்பத்தியை நிறுத்தியது.

அங்கு எதிரே நின்றது ஒரே ஆலை. செப்டிக் டேங்க் மாசுக்கோ ஒவ்வொரு வீடும் காரணமாகலாம். புகார் அளிப்பவரின் தொட்டியே கசியக்கூடும். பழுதான தொட்டியைப் புதிதாகக் கட்டும் செலவு ஏழைக் குடும்பங்களுக்குப் பெருஞ்சுமை. அண்டை வீட்டாரைக் குற்றவாளியாக்கும் அணுகுமுறை ஊரைப் பிளவுபடுத்துமே தவிர ஓடையைத் தூய்மையாக்காது.

சுத்திகரிப்பு நிலையம் அமைப்பதும் எளிதன்று. கோழிக்கோட்டில் ஆவிக்கல்தோடு பகுதியில் திட்டமிடப்பட்ட கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை எதிர்த்து 2022ஆம் ஆண்டு அப்பகுதி மக்கள் தீவிரப் போராட்டம் நடத்தினர். மக்கள் நெருங்கி வாழும் இடத்தில் நிலையம் வேண்டாம் என்பது அவர்களது வாதம். நகரின் கழிவை எங்கேனும் சுத்திகரித்தாக வேண்டும் என்பது நிர்வாகத்தின் வாதம். இரண்டிலும் நியாயம் இருந்தது.

சான்று திரட்டுவது எப்படி?

ஆலப்புழையில் 2017ஆம் ஆண்டு தொடங்கிய கால்வாய் மீட்புத் திட்டம் ஒரு முன்மாதிரி. கேரள உள்ளாட்சி நிர்வாகப் பயிற்சி நிறுவனமான கிலாவும் மும்பை ஐஐடியும் இணைந்து, மாணவர்களைக் கொண்டு வீடு வீடாகக் கழிவுநீரின் போக்கைக் கணக்கெடுத்தன. ஒரே பெரிய நிலையத்துக்கு மாற்றாக, பகுதிவாரியான சிறு சுத்திகரிப்பு அமைப்புகள் முன்வைக்கப்பட்டன.

இதே வழியை ஒரு தெருவும் பின்பற்றலாம். முதலில் தொட்டிகள், கிணறுகள், வடிகால்களை வரைபடத்தில் குறிக்க வேண்டும். சந்தேகத்துக்குரிய இடத்தின் மேற்புறமும் கீழ்ப்புறமும் ஒரே நாளில் நீர் மாதிரி எடுக்க வேண்டும். கிருமி நீக்கிய குப்பியில் சேகரித்து, குளிர்நிலையில் 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்ப்பது அவசியம். இரண்டு முடிவுகளுக்கும் இடையிலான வேறுபாடே கழிவு எங்கே கலக்கிறது என்பதைக் காட்டும். கோடையிலும் மழைக்காலத்திலும் சோதனையைத் திரும்பச் செய்தால் சான்று வலுப்பெறும்.

குளிப்பதற்கான நீரில் 100 மில்லி லிட்டருக்கு மலக்கிருமி எண்ணிக்கை 500க்குள் இருப்பது விரும்பத்தக்கது. உச்ச வரம்பு 2,500. குடிநீரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும். ஆனால், கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் நீங்காது. குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லி கிராமைத் தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து.

செய்யக்கூடியது என்ன?

1998இல் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீ இயக்கத்தின் அயல்கூட்டங்கள், அருகருகே வாழும் பெண்களைக் கொண்டவை. ஒரு தெருவின் அனைத்துத் தொட்டிகளையும் ஒரே முறையில் சுத்தம் செய்ய லாரியை அமர்த்தினால் செலவு பகிரப்படும். எவர் மீதும் பழி விழாது. லாரி கசடை எங்கே கொட்டுகிறது என்பதைக் கண்காணிப்பதும் குழுவின் பொறுப்பு. சுத்திகரிப்பு வசதிக்குச் செல்லாத லாரி, மாசை ஓர் ஓடையிலிருந்து மற்றோர் ஓடைக்கு மாற்றுகிறது. உரிய பாதுகாப்புக் கருவிகளின்றித் தொட்டிக்குள் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது.

விடுதிகள், வணிக வளாகங்கள் கழிவை ஓடையில் விட்டால், 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்கீழ் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் புகார் அளிக்கலாம். ஆய்வு முடிவுகளைக் கிராம சபையில் வைத்துப் பதிவு செய்வதன் மூலம், பொதுச் சுத்திகரிப்பு வசதிக்கு ஊராட்சி நிதி ஒதுக்கும்படி வலியுறுத்த முடியும்.

இருப்பினும், கசடைச் சுத்திகரிக்கும் நிலையம் அருகில் இல்லாதவரை எந்தத் தெருவின் முயற்சியும் பாதியிலேயே நிற்கும். அந்நிலையம் எங்கே அமைய வேண்டும், அதை யார் கண்காணிப்பது என்பதை மக்களைக் கலந்து முடிவு செய்வதே உள்ளாட்சிகளின் முன் உள்ள அடுத்த சவாலாகும்.