ஊருக்குப் போகுமுன் ஜேர்னலில் எழுதுங்கள்

நல்லூர்த் திருவிழா 25 நாள். லண்டனின் ஈஸ்ட் ஹாமிலிருந்தும் டூட்டிங்கிலிருந்தும் அதற்காக யாழ்ப்பாணம் போகிறவர்கள் கோயிலோடு நின்றுவிடுவதில்லை. சொந்தபந்தம், காணி அலுவல் என்று ஆறு வாரம் ஓடிவிடும். யூனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவிப்பணம் எடுப்பவர்களுக்கு வில்லங்கம் அங்கேதான்.

பொதுவாக ஒரு மாதத்துக்குள் திரும்புகிற பயணத்துக்கு மட்டுமே இந்தக் காசு தொடரும். ஆறு வாரத்துக்கென்றே டிக்கெட் எடுத்தால், முதல் மாதக் காசுக்கும் உரிமை இல்லை. பலருக்கு இது தெரியாது. நெருங்கிய உறவினரின் மரணத்தால் உடனே திரும்ப முடியாதவர்களுக்கு இன்னொரு மாதம் சலுகை உண்டு. எதுவானாலும் இணையக் கணக்கின் ஜேர்னலில் முன்கூட்டியே எழுதுங்கள். சொல்லாமல் போய் வாங்கிய காசைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும், அபராதமும் விழலாம். பென்ஷன் கிரெடிட் வாங்கும் அம்மா அப்பாவுக்கு எல்லை இன்னும் இறுக்கம்: நான்கு வாரம்.

அடுத்தது ஊர்ச் சொத்து. 16,000 பவுணுக்கு மேல் சேமிப்பு இருந்தால் யூனிவர்சல் கிரெடிட் கிடையாது. 6,000 தாண்டினாலே குறையத் தொடங்கும். யாழ்ப்பாணத்தில் உங்கள் பெயரிலுள்ள காணியும், சென்னை வங்கியில் கிடக்கும் வைப்பும் இந்தக் கணக்கில் சேரும். லண்டனுக்கு எப்படித் தெரியப்போகிறது என்று மறைப்பது மோசடி.

விசாவில் பொதுநிதி பெறத் தடை இருப்பவர்கள் விண்ணப்பிக்கவே கூடாது, விசாவுக்கே ஆபத்து. ஆனால் வீட்டில் பிள்ளைகள் பட்டினி என்றால், 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் 17ஆம் பிரிவின்கீழ் உள்ளூர்க் கவுன்சிலிடம் உதவி கேட்கலாம். தடை இருக்கிறதே என்று அதையும் கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு முதல் காசு வர ஐந்து வாரம் ஆகும். இடையில் கொடுக்கும் அட்வான்ஸ் இலவசமல்ல, கடன், மாதாமாதம் கழிப்பார்கள். வாடகைக்குத் தேவையான அளவு மட்டும் கேட்பதே நல்லது.

காசை மறுத்தோ குறைத்தோ கடிதம் வந்தால் அதுவே முடிவு என்று எடுத்துக்கொள்கிறவர்கள்தான் நம்மில் அதிகம். ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். தக்க காரணம் இருந்தால், முடிவு வந்து 13 மாதத்துக்குள் கேட்டாலும் ஏற்கலாம். அதுவும் சரிவராவிட்டால், அந்தப் பதில் வந்து ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கட்டணம் இல்லை. படிவம் நிரப்பக் காசு கேட்பவர்களிடம் போகவேண்டாம், சிட்டிசன்ஸ் அட்வைஸில் இலவசமாக உதவுவார்கள். விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளரைத் தீர்ப்பாயமே தரும். மொழிபெயர்க்கப் பத்து வயதுப் பிள்ளையை அழைத்துப் போகாமல், மேல்முறையீட்டுப் படிவத்திலேயே தமிழ் வேண்டும் என்று குறிப்பிட்டுவிடுங்கள்.