மலை ஏறுமுன் மருத்துவரிடம் ஒரு சொல்

“ஒருமுறை ஊட்டிக்குப் போய் வரலாமா, டாக்டர்?” சிகிச்சை முடிந்து விடைபெறும் வேளையில் நோயாளர் பலர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. கேட்பவரின் முகத்தில் ஆவல் தெரியும். அருகில் நிற்கும் மகளோ மனைவியோ, ‘வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்’ எனக் கண்களாலேயே வேண்டுவார். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. பல வாரங்கள் படுக்கையும் மருந்துமாய்க் கழித்தவருக்குப் பசுமையும் குளிர்காற்றும் புதுத்தெம்பு தரும். அதேவேளை, மலை என்பது உடலுக்கு ஒரு தேர்வும் ஆகும்.

நீலகிரிக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு பழையது. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819ஆம் ஆண்டில் அம்மலைக்குச் சென்றார். அதன்பின், சமவெளியின் வெப்பத்தாலும் காய்ச்சலாலும் நலிந்த ஆங்கிலேயர்கள் உடல் தேறுவதற்காகவே உதகையை நாடிச் சென்றனர்.

உயரம் உடலை என்ன செய்கிறது?

உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு 21 விழுக்காடுதான். ஆனால் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கை ஒட்டியே இருக்கும். ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. அதை ஈடுசெய்ய இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு வேகமாகிறது. நலமுள்ளவர் இதை உணராமலே இருந்துவிடலாம். இதயத் தளர்ச்சி, நாட்பட்ட நுரையீரல் நோய், கடும் இரத்தசோகை உள்ளவர்களுக்கு இது சுமையாகும்.

அரிவாள் செல் சோகை உள்ளவர்களுக்கு ஆக்சிஜன் குறைவும் குளிரும் கடும் வலியைத் தூண்டக்கூடும். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் நெஞ்சு அறுவை செய்துகொண்டவர்களும் மருத்துவரின் ஒப்புதலின்றிப் புறப்படலாகாது.

பலரும் அறியாத ஓர் எச்சரிக்கையும் உண்டு. விழித்திரை அறுவையின்போது சிலருக்குக் கண்ணுக்குள் வாயுக் குமிழி வைக்கப்படும். மலை ஏற ஏற வெளியழுத்தம் குறைவதால் அக்குமிழி விரிவடைந்து, கண்ணின் அழுத்தத்தை உயர்த்தும்; பார்வையே பறிபோகக்கூடும். குமிழி முற்றிலும் கரைந்துவிட்டது என்று கண் மருத்துவர் சொல்லும்வரை மலைப்பயணமும் விமானப்பயணமும் கூடாது.

எங்கே செல்லலாம்?

உதகை அரசு தாவரவியல் பூங்கா 1848இல் உருவாகத் தொடங்கியது. அதை வடிவமைத்தவர் வில்லியம் கிரகாம் மெக்ஐவர். ஏறத்தாழ 22 ஹெக்டேர் பரப்புள்ள இப்பூங்காவில், இரண்டு கோடி ஆண்டுகள் பழமையானதாகக் கூறப்படும் கல்லாய்ச் சமைந்த அடிமரம் ஒன்று காட்சிக்கு உள்ளது. பூங்கா மலைச்சரிவில் அடுக்கடுக்காக மேலேறிச் செல்கிறது. உடல் தேறிவருபவர்கள் கீழ்ப்பகுதிப் புல்வெளியோடு நிறைவு கொள்வது நலம்.

குன்னூரின் சிம்ஸ் பூங்கா 1874இல் தோன்றியது. உதகையைவிடத் தாழ்வான இடமாதலால் குளிரும் மூச்சிரைப்பும் சற்றுக் குறைவு. ஆனால் அது பள்ளத்தாக்கில் அமைந்தது. இறங்கும்போது இன்பமாக இருக்கும். திரும்புகையில் ஏற வேண்டும் என்பதை மறவாதீர்கள். தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர் உயரமுடையது. வந்திறங்கிய முதல் நாளே அங்கே செல்வதைத் தவிர்க்கவும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரையிலான 46 கிலோமீட்டர் மலை இரயில் பயணம் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுக்கும். மெல்ல ஏறுவது உடலுக்கு இதமே. ஆயினும் குன்னூர் வரை நீராவி எஞ்சின் ஓடுவதால், ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் புகை ஒவ்வாமற்போகலாம்.

உடன் செல்வோர் கவனத்திற்கு

மருந்துகளைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். இரண்டு நாளுக்குக் கூடுதலாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துச்சீட்டும் அண்மைய அறிக்கைகளும் உடன் இருக்கட்டும். இன்சுலின் உறைந்துபோகாமல் காக்க வேண்டும். கொண்டைஊசி வளைவுகளில் வாந்தி வருவோர் மிதமாக உண்டு, முன்இருக்கையில் அமரலாம். முதல் நாள் ஓய்வுக்கே உரியது. விடியற்காலைக் குளிரில் நடை வேண்டாம். வெயில் ஏறியபின் காதுகளை மூடிக்கொண்டு நடக்கலாம்.

மலர்க்காட்சி நடைபெறும் மே மாதத்தில் சாலைகள் நெரிசலால் நிறையும். அவசர வேளையில் மருத்துவமனையை அடையத் தாமதமாகும். கூட்டம் குறைந்த நாட்களைத் தேர்ந்தெடுங்கள். 2024 மே முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறையும் நடைமுறைக்கு வந்துள்ளது.

நெஞ்சுவலி, ஓய்விலும் தீராத மூச்சிரைப்பு, மயக்கம், குழப்பமான பேச்சு ஆகியவற்றில் எது தோன்றினாலும் ‘சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்’ என்று இருந்துவிடாதீர்கள். 108ஐ அழையுங்கள். உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது.

பூங்காவில் எல்லாவற்றையும் பார்த்துத் தீர வேண்டும் என்பதில்லை. ஒரு மரநிழலில், ஓர் இருக்கையில், நோயாளரும் அவரைக் காத்தவரும் அருகருகே அமர்ந்து அரைமணி நேரம் மருந்தைப் பற்றிப் பேசாமல் இருந்தாலே பயணம் நிறைவுற்றதாகும். காத்தவருக்கும் அந்த ஓய்வு தேவை. ஆகவே, அடுத்த முறை வரும்போது தயங்காமல் கேளுங்கள். ‘போகலாம்’ என்றோ, ‘இரண்டு மாதம் பொறுங்கள்’ என்றோ, உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற விடையை உங்கள் மருத்துவர் சொல்வார்.